உங்களுக்குத் தெரியுமா? வடக்கே தலை வைக்காத இன்னொரு நாடு

வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று உங்கள் ஆச்சி அதட்டியதுண்டா? ஜப்பானியக் கிழவியும் பேரப்பிள்ளைகளை அதற்கேதான் அதட்டுவாள். 'கித்தாமக்குரா' என்று அங்கே ஒரு சொல்லே இருக்கிறது. வடக்குத் தலையணை என்று பொருள். குசிநகரத்தில் புத்தர் உயிர் நீத்தபோது அவர் தலை வடக்கே இருந்ததாம். அதனால் இறந்தவரை அப்படிக் கிடத்துவார்கள், உயிரோடிருப்பவர் அப்படிப் படுக்க மாட்டார். நம் ஆச்சியிடம் காரணம் கேட்டால் பிள்ளையாருக்கு யானைத் தலை வந்த கதையைச் சொல்வாள். கதைதான் வேறு, பாய் திரும்புகிற திசை ஒன்றுதான். ஜப்பான் கடலோரத்துப் பழைய மரவீட்டில் நாலு நாள் தங்கப் போகிற நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இந்த மாதிரிச் சங்கதிகள் அங்கே நிறையவே கிடைக்கும்.

*

அந்த வீட்டில் அறையின் அளவைச் சதுர அடியில் சொல்ல மாட்டார்கள், பாய்க் கணக்கில் சொல்வார்கள். ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை. தேநீர்ச் சடங்கு நடக்கும் அறை என்றால் நாலரைப் பாய். 'தாதாமி' எனப்படும் இந்தப் பாய் சுமார் 182 சென்டிமீட்டர் நீளம், 91 சென்டிமீட்டர் அகலம், ஐந்தரை சென்டிமீட்டர் கனம் இருக்கும். ஊருக்கு ஊர் அளவு கொஞ்சம் கூடும் குறையும். மேலே தெரிவது கோரைபோன்ற 'இகுசா' என்ற புல். உள்ளே இருப்பது இறுக்கி அடித்த வைக்கோல். பழைய முறையில் செய்த ஒரு பாய் முப்பது கிலோ அளவுக்கு நிறை வரும். சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானில் விளையும் இகுசாவில் பெரும்பகுதி குமமோட்டோ வட்டாரத்து வயல்களில் வருகிறது. நமக்கு ஒரு பத்தமடை போல அவர்களுக்கு அது.

நம் தச்சர்களுக்கும் இப்படி ஓர் அளவு உண்டு. 24 அங்குலம் சேர்ந்தது ஒரு கோல், இன்றைய கணக்கில் 72 சென்டிமீட்டர். நாஞ்சில் நாட்டிலும் வேணாட்டிலும் பழைய வீடுகளின் சுற்றளவு இந்தக் கோல் கணக்கில் அமைந்ததுதான். கோல் பிசகினால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். ஆகுமோ ஆகாதோ, உத்திரமும் கழுக்கோலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமென்றால் அளவு பிசகக் கூடாது என்பது மட்டும் நிச்சயம்.

*

பாய் மேல் செருப்போடு ஏறவே கூடாது. வாசலில் 'கென்கான்' என்று தாழ்ந்த இடம் ஒன்று இருக்கும், அங்கேயே செருப்பைக் கழற்றி, மூக்கு வெளியே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு மேலே ஏற வேண்டும். உள்ளே நடக்க வேறு செருப்பு தருவார்கள். அதையும் பாய் அறைக்கு வெளியே விட்டுவிட வேண்டும். கழிப்பறைக்கு இன்னொரு செருப்பு. அதை மாட்டிக்கொண்டு மறதியாக வீட்டுக்குள் வந்துவிடுகிற வெளிநாட்டு விருந்தாளிகளைப் பற்றி அந்நாட்டில் ஏகப்பட்ட வேடிக்கைக் கதைகள் உண்டு. நமக்கு இதில் பழகுவதற்கு ஒன்றுமில்லை. திண்ணையில் கிண்டித் தண்ணீர் வைத்து, வந்தவர் கால் கழுவிய பின் உள்ளே கூப்பிட்ட ஊர்தானே இது.

*

ஜப்பானிய வீட்டுக்கும் திண்ணை உண்டு. பெயர் 'எங்காவா'. சறுக்குக் கதவுகளுக்கு வெளியே, தாழ்வாரத்துக்குக் கீழே, தோட்டத்தைப் பார்த்து ஓடுகிற நீளமான பலகைத் தரை அது. மழை பார்க்கலாம், வெற்றிலைக்குப் பதிலாகத் தேநீர் குடிக்கலாம், வந்த பக்கத்து வீட்டுக்காரரை உள்ளே அழைக்காமலே உட்காரவைத்து ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசலாம்.

*

கடலுக்குள் காலை நனைத்துக்கொண்டு நிற்கும் வீடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் கியோட்டோ மாகாணத்தின் வடகோடியில் உள்ள இனே என்ற மீனவ ஊருக்குப் போக வேண்டும். வளைகுடாவைச் சுற்றி 230 அளவுக்கு மரவீடுகள் வரிசை கட்டி நிற்கின்றன. 'புனாயா', அதாவது படகு வீடு என்று பெயர். கீழ்த்தளம் படகுக்கு, மேல்தளம் வலைக்கும் சாமான்களுக்கும். பிற்காலத்தில் மேலே ஆட்களும் தங்கலானார்கள். கீழே தரை சரிந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. படகு வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். 2005இல் ஜப்பான் அரசு இந்த ஊரைப் பாதுகாக்க வேண்டிய பாரம்பரியக் குடியிருப்பாக அறிவித்தது. இப்போது சில புனாயாக்களில் விருந்தினர் தங்கலாம். படுக்கைக்குக் கீழே அலை சளப் சளப்பென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

குளச்சலிலோ முட்டத்திலோ இப்படி ஒரு வீடு கட்ட முடியுமா? ஓர் ஆனி ஆடி தாங்காது. இனேயில் முடிவதற்குக் காரணம் இரண்டு. ஜப்பான் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு, அரை மீட்டர் அளவுதான். வளைகுடாவின் வாயில் ஆவோஷிமா என்ற சிறு தீவு காவல்காரன்போல் குறுக்கே நின்று அலையைத் தடுத்துவிடுகிறது. நம் கடப்புறத்தில் அந்தக் காவல்காரன் இல்லை. திறந்த கடல் நேராக வந்து மோதுகிறது. கட்டுமரத்தையும் வள்ளத்தையும் மணலில் இழுத்து ஏற்றிவைத்த காலம் போய், சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கல்லைக் கொட்டித் துறைமுகம் கட்ட வேண்டியதாயிற்று.

*

கடற்காற்றின் உப்பு மரத்தைத் தின்றுவிடுமே, என்ன செய்கிறார்கள்? எரித்துவிடுகிறார்கள்!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சுகி எனப்படும் ஜப்பானிய தேவதாரு வகை மரத்தின் பலகையை மேற்பரப்பு கரியாகும்வரை தீயில் காட்டி, அந்தக் கரிப்பக்கம் வெளியே தெரியும்படி சுவரில் அறைவார்கள். 'யாக்கிசுகி' என்று பெயர். கரியைப் பூச்சி தின்னாது. உப்பும் ஈரமும் அவ்வளவு எளிதில் உள்ளே இறங்காது. நவோஷிமா போன்ற உள்கடல் தீவுகளில் தெரு முழுக்கக் கறுப்பு வீடுகளாக நிற்பது இதனால்தான். வள்ளத்துக்கு மீனெண்ணெய் பூசி மரத்தைக் காப்பாற்றிய நம் ஆட்களுக்கு இந்தச் சூத்திரம் சட்டென்று பிடிபடும்.

*

நோட்டோ தீபகற்பத்தில் வஜிமா பக்கம் சில கடலோர ஊர்களே மூங்கில் வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கின்றன. 'மகாக்கி' என்ற இந்த வேலி இரண்டு ஆள் உயரம் இருக்கும். குளிர்காலக் கடற்காற்று மூங்கில் இடுக்குகளில் நுழையும்போதே வேகம் இழந்துவிடும். கோடையில் அதே வேலி மேற்கு வெயிலை மறைத்துக்கொள்ளும். 2024 புத்தாண்டு நாளில் 7.6 அளவு நிலநடுக்கம் வந்து உலுக்கியது இந்த வட்டாரத்தைத்தான்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நாம் தடுக்கவில்லை. முப்பந்தலில் காற்றாலைகளை நட்டு, அதைக் கரண்டாக்கிவிட்டோம்.

*

கன்னியாகுமரிப் பாறையில் இருந்து நேராக ஜப்பானிய வீடுகளைப் பார்க்கப் போனவர் ஒருவர் உண்டு. நேராக என்றால் ஏழு மாத இடைவெளியில். 1892 டிசம்பர் கடைசியில் பாறைமேல் அமர்ந்த விவேகானந்தர், 1893 மே 31 அன்று பம்பாயில் கப்பலேறினார். சிகாகோவுக்குப் போகும் வழியில் நாகசாகி, கோபே, ஒசாகா, கியோட்டோ, டோக்கியோ எல்லாம் பார்த்துவிட்டு, ஜூலை 10 அன்று யோகோஹாமா ஓட்டல் ஒன்றிலிருந்து சென்னை நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். அளசிங்கப் பெருமாளும் அவர்களில் ஒருவர். ஜப்பானியரின் சுத்தத்தையும், நேரான தெருக்களையும், கூண்டு மாதிரியான சின்னச் சின்ன வீடுகளையும், அவற்றுக்குப் பின்னால் பைன் மரம் மூடிய குன்றுகளையும் அதில் மெச்சியிருக்கிறார். மரச்சட்டமும் காகிதச் சன்னலுமாக இருந்த வீட்டைக் கூண்டென்று சொன்னது எவ்வளவு பொருத்தம்!

*

அந்தக் காகிதச் சன்னலுக்கு 'ஷோஜி' என்று பெயர். மல்பெரி இன மரப்பட்டையில் செய்த காகிதம். வெயிலை வடிகட்டிப் பால்போன்ற வெளிச்சமாக உள்ளே விடும். வருடக் கடைசியில் பழைய காகிதத்தைக் கிழித்துப் புதிதாக ஒட்டுவது வழக்கம். கிழிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். வருடம் முழுக்க விரலால் ஓட்டை போடாதே என்று திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு அன்று ஒருநாள் முழுச் சுதந்திரம்.

இதே வேலையை நம் பத்மநாபபுரம் கொட்டாரத்தில் காக்காப்பொன் செய்கிறது. மந்திரசாலையின் சன்னல்களில் பதித்திருக்கும் அந்த மைக்காத் தகடுகள் வெளிச்சத்தை விட்டு வெக்கையை வெளியே நிறுத்துகின்றன.

*

கொட்டாரத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது, சுருக்கமாக முடிக்க மனம் வரவில்லை.

தக்கலைக்குப் பக்கத்தில், சுமார் ஆறரை ஏக்கரில் நிற்கும் இந்த மரமாளிகையின் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா விரித்துக் கட்டினார், கல்குளம் என்ற ஊருக்குப் பத்மநாபபுரம் என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. 1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. போனதே நல்லதாயிற்று என்று எனக்குத் தோன்றும். ராஜாக்கள் அங்கேயே தொடர்ந்து குடியிருந்திருந்தால் காலத்துக்கேற்ற மாதிரி இடித்துக் கட்டியிருப்பார்கள்.

மந்திரசாலைச் சுவரைக் கவனியுங்கள். மேல்பாதியில் சுவரே கிடையாது, சரிந்து நிற்கும் மரச்சட்டங்கள்தான். உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. காற்று வரும், சாரல் வராது. ஜப்பானில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கென்கோ என்ற துறவி, வீட்டைக் கோடைக்காகக் கட்டு, குளிர்காலத்தை எங்கேயும் கழித்துவிடலாம் என்ற கருத்தில் எழுதிவைத்திருக்கிறார். அவர் தக்கலைக்கு வந்திருந்தால் இந்தச் சுவரைவிட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

பூமுகத்தின் கூரையில் செதுக்கிய பூக்கள் 90 விதம் என்று சொல்வார்கள். தரை கறுப்புக் கண்ணாடிபோல் முகம் காட்டும். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து மெழுகியது என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. பெரிய ஊட்டுப்புரையில் மேலும் கீழுமாக இரண்டாயிரம் பேருக்குச் சோறு போடலாம். கொட்டாரம் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தது. இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தபோது செய்த ஏற்பாடு இன்னும் தொடர்கிறது.

*

குளச்சலில் தோற்ற கம்பெனிக்கு ஜப்பானிலும் ஒரு வீடு இருந்தது. 1741 ஆகஸ்டு 10 அன்று மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் மண்ணைக் கவ்விய அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, சரியாக நூறு வருடம் முன்னால், 1641இல், நாகசாகித் துறைமுகத்தில் தேஜிமா என்ற விசிறி வடிவச் செயற்கைத் தீவுக்குள் குடிவைக்கப்பட்டது. ஐரோப்பியர்களில் டச்சுக்காரர் மட்டுமே ஜப்பானோடு வணிகம் செய்யலாம், ஆனால் தீவைவிட்டு இஷ்டம்போல் வெளியே வரக் கூடாது. தாதாமி விரித்த தரைமேல் மேஜை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், பாவம்.

குளச்சலில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிக்காரர் டிலனாயின் கதை வேறு. திருவிதாங்கூர்ப் படைக்கே பெரிய கப்பித்தானாகி, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. பத்மநாபபுரம் போகிறவர்கள் அதையும் பார்த்துவிடலாம், வழியில்தான்.

*

உங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு ஜப்பானியப் பொருள் புகைந்துகொண்டிருக்கலாம். கொசுவர்த்தி! வகயாமா மாகாணத்துக் கடலோர ஆரஞ்சுத் தோட்டக் குடும்பத்தில் பிறந்த உவெயாமா எய்ச்சிரோ, 1890இல் குச்சி வடிவத்தில் இதைக் கொண்டுவந்தார். முக்கால் மணி நேரத்துக்குள் எரிந்து தீர்ந்துவிடும். தூக்கமோ விடியும்வரை. அவர் மனைவி யூகி, சுருண்டு கிடந்த பாம்பைப் பார்த்துச் சுருளாகச் செய்யலாமே என்றாராம். 1902இல் சுருள்வத்தி கடைக்கு வந்தது. கடலோர வீட்டில் தங்கும்போது பீங்கான் பன்றியின் வயிற்றுக்குள் கொசுவர்த்தி புகைவதைப் பார்க்கலாம்.

*

காலைப் பலகாரத்துக்கு இட்லி கிடைக்காது. சோறு, சுட்ட மீன், ஊறுகாய், மிசோ சாறு. காலையிலேயே சோறும் மீனுமா என்று சென்னைக்காரர் முகம் சுளிக்கலாம். பழஞ்சியும் பழைய மீன்கறியும் சாப்பிட்டு வளர்ந்த கடப்புறத்தாருக்கு என்ன கஷ்டம்?

மிசோ சாற்றுக்கு ருசி கொடுப்பது 'கத்சுவோபுஷி'. சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, மரக்கட்டைபோல் ஆகும்வரை உலர்த்தி, உளியால் சீவுவதுபோல் சீவிப் போடுவார்கள். இதைப் படிக்கும்போதே உங்களுக்கு மாசிக் கருவாடு நினைவுக்கு வந்திருக்கும். மினிக்காயிலும் மாலத்தீவிலும் அதே சூரையை அவித்து, புகையிட்டு, காயவைத்து மாசியாக்குகிறார்கள். இரண்டையும் உடைக்கச் சுத்தியல் தேவைப்படும்.

*

குளியலில் மட்டும் தடுமாறுவோம். தொட்டி நிறைய வெந்நீர் இருக்கும், சோப்புப் போடக் கூடாது. வெளியே முக்காலியில் உட்கார்ந்து தேய்த்துக் குளித்து முடித்த பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். தொட்டி சும்மா அமிழ்ந்து கிடக்கத்தான். வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரே தண்ணீர். வெளியே வரும்போது அடைப்பானைப் பிடுங்கிவிட்டு வந்தீர்களானால் அடுத்து குளிக்கக் காத்திருப்பவர் உங்களை மறக்க மாட்டார்.

குளித்துவிட்டு 'யுகாத்தா' என்ற பருத்தி அங்கியைச் சுற்றிக்கொள்வார்கள். இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் பிணத்துக்கு உடுத்தும் முறை.

*

கடலோரத் தங்கல் எல்லோருக்கும் சுகப்படும் என்று சொல்ல முடியாது. யசுஜிரோ ஓசு எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி' (1953) படத்தில், பார்க்க வந்த வயதான அப்பா அம்மாவைக் கவனித்துக்கொள்ள நேரமில்லாத பிள்ளைகள், அவர்களை அதாமி என்ற கடலோர ஊருக்கு விடுதியில் தங்க அனுப்பிவிடுவார்கள். ராத்திரி முழுக்கப் பக்கத்து அறைகளில் சீட்டும் பாட்டும் சத்தமும். காகிதக் கதவு எதைத் தடுக்கும்? விடிந்ததும் இருவரும் கடல்சுவரில் உட்கார்ந்து, ஊருக்கே போய்விடலாம் என்று முடிவு செய்வார்கள். பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்குக் காமிராவைத் தாழ்த்தி வைத்தவர் ஓசு. அலைகள் ஓய்வதில்லை படத்துக்காக முட்டத்துக்குப் போய்ப் பாறைகளைப் படம் பிடித்தவர்கள், அந்தக் கரையில் உட்கார்ந்திருந்த கிழவர் கிழவிகள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது என் பழைய மனத்தாங்கல்.

*

சுனாமி என்ற சொல்லில் 'சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலைவரை அந்தச் சொல் மணக்குடியிலோ கொட்டில்பாட்டிலோ அநேகம் பேருக்குத் தெரியாது. கீழமணக்குடியையும் மேலமணக்குடியையும் இணைத்த பாலத்தையே அலை தூக்கிக்கொண்டு போனது.

ஜப்பானின் இவாத்தே மாகாணத்தில் அனெயோஷி என்ற சிற்றூரில், மேட்டுப் பாதையோரம் ஒரு கல் நிற்கிறது. 1933 சுனாமிக்குப் பிறகு நட்டது. இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். ஊரார் அதை அப்படியே கேட்டார்கள். 2011 மார்ச் 11 அன்று வந்த அலை கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது, வீடு ஒன்றுகூடப் போகவில்லை.

*

பழைய வீட்டைக் கொண்டாடும் நாடு என்று ஜப்பானை ரொம்பவும் தூக்கிப் பேச வேண்டாம். 2023 கணக்கெடுப்பின்படி அங்கே 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன, நூற்றுக்குப் பதினாலு என்ற கணக்கு. வாரிசுகள் நகரத்தில், வீடு பாசி பிடித்துக் கிராமத்தில். அவற்றில் ஒரு சிலதான் தூசி தட்டி விருந்தினர் விடுதியாக மாறுகின்றன. நீங்கள் போய்த் தங்குவது அதில் ஒன்றாக இருக்கலாம்.

இசே கோயிலை மட்டும் இருபது வருடத்துக்கு ஒருமுறை பிரித்துவிட்டு, பக்கத்து மனையில் அச்சு அசலாகப் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாகக் கட்டியது 2013இல், அடுத்தது 2033. பிரித்த மரம் வேறு கோயில்களுக்குப் போகும்.

நம் ஊரில் பிரித்த மரம் எங்கே போகிறது? பலாமரத் தூண், அறப்புரைக் கதவு, பத்தாயத்தின் பலகை எல்லாம் லாரியேறி, யாரோ ஒருவரின் ஓட்டல் வரவேற்பறையில் போய் நிற்கின்றன. தூணைக் கல்மேல் சும்மா நிறுத்தி, ஆணி அடிக்காமல் பூட்டுப்போட்டு ஏற்றிய வீட்டைப் பிரிப்பதும் சுலபம். அதுவே அதற்கு எமனாகிவிட்டது. பழைய ஜப்பானிய வீட்டின் தூணும் இப்படிக் கல்மேல் நிறுத்தியதுதான்.

குடும்பவீட்டை இடிக்கத் தேதி குறித்திருந்தால், அதற்கு முன் ஒருநாள் ஓர் ஆசாரியைக் கூட்டிப்போய், எந்த இடத்துக்கு என்ன பெயர், எத்தனை கோல் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்படி வீடு இல்லாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்மநாபபுரத்துக்குப் போய் வாருங்கள். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். திங்கட்கிழமை போக வேண்டாம், அன்று விடுமுறை.